ஏர் ரைபிள்: கம்பெனியில் வந்ததா, அளவெடுத்துச் செய்ததா? என் பணம் போன கதை

பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடும் தமிழ்ப் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கும் நேரம் வந்தபோது, கம்பெனியில் இருந்து வருவதை அப்படியே வாங்குவதா, உடம்புக்கு அளவெடுத்துக் கட்டை (தோளிலும் கையிலும் அணைத்துப் பிடிக்கும் பகுதி) செய்து வாங்குவதா என்று நம் பாஷையில் கேட்க ஒருவரும் கிடைக்கவில்லை. தனியாக அலைந்ததில் 9,600 வெள்ளி (ரிங்கிட்) போனது. ஒரு வருடத்துக்கு மேல் காலம் போனது. மலேசிய மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டுப் போட்டிக்கான அந்த முறைத் தேர்வும் கைவிட்டுப் போனது. யாராவது முன்பே உட்கார வைத்து அரைமணி நேரம் பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. இங்கே துப்பாக்கி என்று வாயெடுத்தாலே "பன்றி சுடவா?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக நட்ட கன்றைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்னும் ஊரில் அது நியாயமான கேள்விதான். நான் சுடுவது வேறு. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, பத்து மீட்டர் தூரத்தில் ஓர் இலக்கு. அதன் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகளை நின்றபடியே சுட வேண்டும். பெண்களுக்கு முன்பு 40 குண்டுதான், 2018இலிருந்து ஆண்களைப் போலவே 60. நான்கைந்து கிலோ எடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, இறக்கி வைத்து, மறுபடியும் தூக்க வேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் புள்ளியை நின்றபடி அடிக்க வேண்டுமென்றால், ரைபிள் உடம்போடு ஒட்டி உட்காருவதுதான் விஷயம். சும்மா சுட்டுப் பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் கன்னும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் சிறை வரை போகும். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிற சாமான் இல்லை இது. உரிமம் உள்ள வியாபாரி, போலீஸ் அனுமதி, நாம் சேர்ந்திருக்கும் கிளப், இந்த மூன்றும் ஒன்றாக நின்றால்தான் காரியம் நடக்கும். என் ரைபிள் இன்றைக்கும் கிளப்பின் ஆயுத அறையில்தான் இருக்கிறது. பயிற்சிக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு எடுப்பேன், முடிந்ததும் ஒப்படைத்துவிட்டு வருவேன். இந்த ஏற்பாடு தெளிவாகாமல் எவருக்கும் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் சுட்டார். நான் அப்போது ஆரம்பப்பள்ளிப் பிள்ளை. தொலைக்காட்சியில் அதைக் காட்டியபோது எங்கள் அப்பா, "பார்த்தியாம்மா, இதுக்கு ஓடவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம், மனசு ஆடாம இருந்தா போதும்" என்றார். அது மனதில் தங்கிவிட்டது. கல்லூரியில் வாய்ப்பு வந்ததும் சேர்ந்துகொண்டேன். படிப்பு முடிந்து செம்பனை ஆலை அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. சனி, ஞாயிறு வந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போய்விடுவேன்.

என் பிரச்சினை, நான் இடதுகைக்காரி. எனக்கு இடது கண்தான் ஓங்கிய கண்ணும்கூட, அதாவது குறி பார்க்க முந்தி வரும் கண். கிளப்பில் இருந்தவை எல்லாம் வலதுகை ரைபிள்கள். வலதுகைக்கென்று செதுக்கிய கைப்பிடியை இடது கையால் பிடித்தால், உள்ளங்கைக்கு வரவேண்டிய மேடு விரல் பக்கம் இடிக்கும், கட்டைவிரலுக்கு இடமே இருக்காது. கன்னம் வைக்கும் பலகையும் எதிர்ப்பக்கம் சரிந்திருக்கும். 60 குண்டு முடியும்போது கழுத்து இறுகிப் போய், மறுநாள் அலுவலகத்தில் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது. அப்படியே சமாளித்து 590 புள்ளி வரை வந்துவிட்டேன் (தசமத்தில் எண்ணுவதால் ஒரு குண்டுக்கு 10.9 வரை கிடைக்கும்). அதற்கு மேல் ஏறவே இல்லை. எங்கள் கோச் மலாய்க்காரர், எல்லாரையும் 'ஆதிக்' (தம்பி, தங்கை) என்றுதான் கூப்பிடுவார். அவரே ஒரு நாள், "ஆதிக், இனிமேல் உனக்கென்று ஒன்று வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

இடையில் ஒரு குறிப்பு. ஓங்கிய கண் எது என்று தெரியாமல் யாரும் ரைபிள் பற்றி யோசிக்கவே கூடாது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, அதன் வழியாகத் தூரத்தில் இருக்கும் ஒரு கதவுக் கைப்பிடியைப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது அந்தப் பொருள் நகராமல் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் கண். வலதுகைக்காரராக இருந்து இடது கண் ஓங்கியவர்களும் உண்டு. அவர்கள் எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதைக் கோச்சோடு பேசி முடித்த பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும்.

சரி, என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கம்பெனியில் இருந்து வரும் புது ரைபிள் ஒன்று. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர் போன்றவைதான் இந்த ஆட்டத்தில் அதிகம் புழங்கும் பெயர்கள். முதல் மூன்றும் ஜெர்மனி, ஸ்டெயர் ஆஸ்திரியா. அலுமினியக் கட்டையோடு, இடதுகைக் கைப்பிடியோடு எனக்குச் சொன்ன விலை 13,800 வெள்ளி. இரண்டாவது வழியை ஓர் இடைத்தரகர் சொன்னார். பழைய ரைபிள் ஒன்றை வாங்கி, குழலையும் இயங்கு பாகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, என் உடம்புக்கென்றே அளவெடுத்த மரக் கட்டையை வெளிநாட்டில் செய்து பூட்டலாம் என்றார். ரைபிளுக்கு 5,500, கட்டைக்கு 6,000. மொத்தம் 11,500. புதியதைவிட 2,300 வெள்ளி குறைவு, அதுவும் என் அளவுக்கே செய்தது! என் சம்பளத்தில் 2,300 என்பது சின்னத் தொகை இல்லை. "உன்னை மாதிரி இடதுகை, குள்ள உருவத்துக்குக் கம்பெனிச் சாமான் சரிப்படாது" என்று அவர் அடித்துச் சொன்னார். இத்தனை நாள் கழுத்து வலியோடு சுட்டவளுக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது.

பழைய ரைபிள் வந்ததும் கிடைத்த முதல் அடி காற்றுச் சிலிண்டர். இந்த ரைபிள்களில் குழலுக்குக் கீழே 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும். அதன் மேல் தேதி பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள், அந்தத் தேதி தாண்டினால் போட்டியில் பயன்படுத்தக் கூடாது. என்னிடம் வந்த சிலிண்டர் காலாவதியாகி இருந்தது. பார்வைக்குப் பளபளவென்று இருந்ததால் விற்றவரும் வாய் திறக்கவில்லை. புதுச் சிலிண்டருக்கு 1,100 வெள்ளி. அந்த நிமிடமே 2,300 லாபத்தில் பாதி கரைந்தது. பழைய ரைபிள் பார்க்கிறவர்கள் முதலில் ரைபிளைத் தோளில் வைக்காதீர்கள். சிலிண்டரைக் கழற்றி, தேதியை வெளிச்சத்தில் படியுங்கள். அந்த மாடலுக்கு இப்போதும் புதுச் சிலிண்டரும் ரப்பர் சீல்களும் கிடைக்கின்றனவா என்று கேளுங்கள். வெடித்தால் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் பொருள் அது. தேதி விஷயத்தில் யாரையும் தயவு பார்க்க வேண்டாம்.

அடுத்தது அளவெடுப்பு. நான் எழுத வந்ததில் முக்கியமான இடமும் இதுதான். இடைத்தரகர் ஒரு டேப்போடு வந்தார். டி-சட்டையோடு நிற்க வைத்து, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் மடிப்பு, இடுப்பெலும்பிலிருந்து தாடை என்று எடுத்தார். கையை ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டார். நேர்த்தியாகத்தான் எழுதிக்கொண்டார். ஆனால் நாங்கள் டி-சட்டையில் சுடுவதில்லை. கித்தான், தோல் எல்லாம் வைத்துத் தைத்த, விறைப்பான ஜாக்கெட்டும் கால்சட்டையும் போட்டுத்தான் நிற்போம். அந்த ஜாக்கெட் போட்டதும் தோள் முன்னால் வந்துவிடும், மார்பு தடிக்கும், இடுப்பில் முழங்கை உட்காரும் இடமே மாறும். ஜாக்கெட் இல்லாமல் எடுத்த அளவு, அளவே இல்லை. இந்த வேலையில் இருக்கிற ஒருவர் இதைக் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் அப்போது சொந்த ஜாக்கெட் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. நான் ஒரு சீனியர் அக்காவின் பழைய ஜாக்கெட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பணம் 3,600 கொடுத்தேன். அதன் பிறகு காத்திருப்பு. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே பதில் வந்தது. மரம் காயவில்லை, கப்பல் தாமதம், அனுமதித் தாள் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். தேர்வு நெருங்க நெருங்க எனக்கு வயிற்றில் கல்லைக் கட்டியது போல இருந்தது. வீட்டில் சொல்ல முடியவில்லை. பாக்கி 2,400ஐயும் கட்டின பிறகுதான் கட்டை வந்தது. பார்க்க அத்தனை அழகு. வால்நட் மரம், தேன் நிறம், ரேகை ஓடிய பளபளப்பு. தோளில் வைத்ததும் புரிந்துவிட்டது, நீளம் அதிகம். ஜாக்கெட் போட்ட தோளில் பட் பிளேட் (கட்டையின் பின்முனைத் தகடு) உட்கார்ந்ததும், முகம் பின்னால் தள்ளி, கண்ணுக்கும் டையாப்டருக்கும் (துளை வழியாகப் பார்க்கும் பின்குறி) நடுவே இடைவெளி விழுந்தது. எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினால் பழைய வலி அப்படியே திரும்பி வந்தது. அது பிரிக்க முடியாத ஒற்றைக் கட்டை. நீளம் கூட்ட நடுவில் தகடு வைக்கலாம், குறைக்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும்.

அதோடு விடவில்லை. தேர்வு நாளில் கருவிச் சோதனை நடக்கும். உலகத் துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்கட்டை குழலின் மையக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. என் கட்டையின் முன்பகுதி அந்த அளவைவிடக் கீழே இறங்கியிருந்தது. 50 மீட்டர் ரைபிள் மாதிரியை வைத்துச் செய்திருக்க வேண்டும் என்று சோதனை செய்தவர் சொன்னார். அவர் ரொம்பப் பொறுமையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் காது அடைத்துவிட்டது. கிளப் ரைபிளை வாங்கி, வலதுகைப் பிடியோடு சுட்டேன். தேர்வாகவில்லை. திரும்பி வரும் வழியில் செம்பனைச் சாலை ஓரமாக மோட்டாரை நிறுத்திவிட்டு அழுதேன். பணத்துக்காகவும் அழுதேன், சுக்மாவின் வயது வரம்பு எனக்கு இன்னொரு வாய்ப்பு தராது என்பதற்காகவும் அழுதேன்.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "காசு போச்சு, கை இருக்கு" என்று மட்டும் சொன்னார். அம்மா தன் வளையலைக் கழற்றித் தந்தார். கட்டைக்கு வாங்குவோரே கிடைக்கவில்லை. என் உடம்புக்கென்று செய்தது இன்னொருவருக்கு எதற்கு? 6,000 வெள்ளியும் அங்கேயே முடிந்தது. ரைபிளைப் புதுச் சிலிண்டரோடு சேர்த்து 3,000க்குத் தள்ளிவிட்டேன். அந்தப் பெயர் மாற்றமும் போலீஸ் அனுமதி வழியாகத்தான், உடனே நடக்கவில்லை. கம்பெனி ரைபிள் என்றால் மறுவிலை உண்டு, அளவெடுத்த கட்டைக்கு மறுவிலையே கிடையாது. வாங்கும்போதே விற்கும் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை கோச் சொன்ன வரிசையில் போனேன். ரைபிளுக்கு முன்னால் ஜாக்கெட்டும் கால்சட்டையும். அளவெடுத்துச் செய்ய வேண்டியது அவைதான். ஜெர்மனியின் சௌவர், பின்லாந்தின் குர்ட் தூன் போன்றவர்கள் அளவுப் படிவமே வைத்திருக்கிறார்கள். படம் போட்டு எங்கே டேப்பை வைக்க வேண்டும் என்று காட்டியிருக்கும். நான் இரண்டும் சேர்த்து 3,900 வெள்ளிக்குத் தைத்து வாங்கினேன். துணியின் தடிப்பு ஓர் அடுக்குக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது, விறைப்புக்கும் சோதனை உண்டு. அதனால் தெரியாத இடத்தில் மலிவாகத் தைக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறி ஜாக்கெட் சீக்கிரம் தொய்ந்துவிடும். பயிற்சி முடிந்ததும் பையில் சுருட்டாமல், அகலமான ஹேங்கரில் நிழலில், காற்றாடப் போடுங்கள். இரவல் ஜாக்கெட்டில் இருந்து என் சொந்த ஜாக்கெட்டுக்கு மாறிய உடனேயே, அதே கிளப் ரைபிளில், இடுப்பு ஆடுவது குறைந்தது என் கண்ணுக்கே தெரிந்தது.

ஜாக்கெட் வந்த பிறகுதான் ரைபிள். உரிமம் உள்ள வியாபாரியிடம் இருந்து அந்த 13,800 வெள்ளி அலுமினியக் கட்டை ரைபிளையே வாங்கினேன். இடைத்தரகர் 'சரிப்படாது' என்று சொன்ன அதே சாமான். அதில் கன்னப் பலகை மேலே, கீழே, பக்கவாட்டில் நகரும். பட் பிளேட் நீளும், சுருங்கும், சாயும். கைப்பிடி முன்னும் பின்னும் போகும். முன்கை தாங்கும் கட்டையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். கழுத்து நீளமானவர்கள் குனியாமல் இருக்க டையாப்டருக்கும் முன்குறிக்கும் அடியில் உயரத் துண்டு வைக்கலாம். சில மாடல்களில் குண்டு போடும் லீவரையே பக்கம் மாற்ற முடிகிறது. ஒரு செட் ஆலன் கீயும் கோச்சின் பொறுமையும் இருந்தால், கம்பெனி ரைபிளே உங்கள் அளவு ரைபிளாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் நகர்த்துங்கள், நகர்த்தியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டு திருகைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. எழுதி வைத்தால், உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்ப வழி இருக்கும். மரத்தில் அந்த வழி இல்லை.

கைப்பிடி மட்டும் என் கைக்கு முழுதாகப் பொருந்தவில்லை. என் விரல்கள் குட்டை. அதற்கு ஆன செலவு நாற்பது வெள்ளிக்கும் குறைவு. தோட்டத்துத் தச்சர் மாமாவிடம் கேட்டு, மரத்துக்குப் பூசும் எப்பாக்ஸி புட்டியும் (மாவு போன்ற பசை) ஓர் அரமும் உப்புத்தாளும் வாங்கினேன். கிளப்பிலேயே கோச் பக்கத்தில் இருக்க, கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு, புட்டி அப்பிய பிடியை நிலைக்கு நின்று இறுகப் பிடித்தேன். உள்ளங்கைக் குழி, கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் கீழ் எல்லாம் பதிந்தது. காய்ந்ததும் உறுத்துகிற இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அராவினேன். அதிகமாக அராவிவிட்டால் மறுபடியும் புட்டி அப்பலாம், பயப்பட ஒன்றும் இல்லை. உட்கார்ந்தபடி பிடித்துப் பார்க்காதீர்கள். சுடும் நிலையில் மணிக்கட்டு வேறு கோணத்தில் இருக்கும். ட்ரிகரில் விரல் நுனி நேராகப் பின்னால் வருகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவெடுத்துச் செய்வதே வீண் என்று நான் சொல்லவில்லை. உடல் அமைப்பு வழக்கத்துக்கு மிகவும் மாறுபட்டவர்களுக்கு அது தேவைப்படலாம். பல வருடம் சுட்டு, நிற்கும் நிலை மாறாமல் உறைந்துவிட்ட பெரிய ஆட்டக்காரர்களுக்கு அது பலன் தரும். தனிக் கட்டை செய்கிறவர்களிடம் அவர்கள் போவது அதனால்தான். ஆனால் நிலையே இன்னும் மாறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, இன்றைய உடம்பை நாளைய மரத்தில் பதிப்பது பண நஷ்டம். அப்படியும் செய்யத்தான் வேண்டும் என்றால், சொந்த ஜாக்கெட், கால்சட்டை, காலணி எல்லாம் போட்டு, சுடும் நிலையில் நின்று, கோச் முன்னிலையில் அளவு கொடுங்கள். எந்தப் பிரிவுக்கு என்பதைத் தாளில் எழுதுங்கள், பத்து மீட்டர் ஏர் ரைபிள் என்று முழுதாக. நடப்பு விதிப்படி கருவிச் சோதனையில் தேறாவிட்டால் செய்தவர் செலவில் திருத்தம், இன்ன தேதிக்குள் வராவிட்டால் முன்பணம் திரும்ப, என்ற இரண்டு வரியும் கையெழுத்தோடு வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். வந்த கட்டையைப் போட்டிக்கு முன்பே ஒரு நடுவரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள். அவர்கள் மறுப்பதில்லை.

இப்போது 608 வரை வந்திருக்கிறேன். கழுத்து வலி இல்லை. சுக்மா வயது தாண்டிவிட்டது, அந்த வருத்தம் போகவில்லை. மாநிலத் திறந்த போட்டிகளில் சுடுகிறேன். எங்கள் கிளப்பில் புதிதாக இரண்டு இடதுகைப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கோச்சிடம் சொல்லி, கிளப்பின் ரைபிள் ஒன்றுக்கு இடதுகைக் கைப்பிடி மட்டும் தனியாக வரவழைத்திருக்கிறோம். ரைபிள் வாங்கும் பேச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் கிளப்பிலும் இதைக் கேட்டுப் பாருங்கள், தனிப் பிடி பல மாடல்களுக்குக் கிடைக்கிறது.